மடிப்பு முதலில், வெட்டு பிறகு

(சென்னையை அடுத்த கடற்கரை ஊரான கோவளத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அலுமினியத் தகட்டை வீட்டில் இருக்கும் சாமான்களை வைத்தே வெட்டி மடிப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். மேடைக்கு இது கொஞ்சம் விசித்திரமான தலைப்புதான். கம்பனைப் பற்றிப் பேசினால் கைதட்டலாவது கிடைக்கும். ஆனால் இந்த ஊரில் இந்தப் பேச்சுக்குத் தேவை இருக்கிறது. கோவளத்தில் இரும்பை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துவது என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேட்டுக் கீல், ஏசி ஸ்டாண்டு, மோட்டார் ஷெட் கூரை, மாடியில் துணிக்கம்பி கட்டும் கொக்கி என்று எதை எடுத்தாலும் இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் பொருக்கு பொருக்காக உதிர ஆரம்பித்துவிடும். அதனால் ஆட்கள் அலுமினியத்துக்கு மாறுகிறார்கள். ஒரு ஷீட் வாங்கி வந்து, வைஸில் கடித்து, சுத்தியலால் தட்டுகிறார்கள். மூலையில் விரிசல் விடுகிறது, அல்லது பெட்டி சேரவேண்டிய இடத்தில் சேராமல் இளிக்கிறது. உடனே "இதுக்கெல்லாம் மெஷின் வேணும் சார்" என்று மிச்சத் தகட்டைப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

மெஷின் இருந்தால் நல்லதுதான். ஆனால் நான் பார்த்த வரையில் வீட்டில் கெடும் வேலைகளில் பெரும்பாலானவை மெஷின் இல்லாததால் கெடுவதில்லை. எந்தத் தகடு என்று தெரியாமல் வாங்குவதால் கெடுகின்றன. இல்லையென்றால் எங்கே மடியப்போகிறது என்று முடிவு செய்யாமலே வெட்டிவிடுவதால் கெடுகின்றன. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

இந்த உலோகம் சென்னைக்குப் புதிதல்ல. 1884-இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சிக்கு அலுமினியப் பிரமிடு செய்து வைத்தபோது அது வெள்ளிக்குச் சமமாக விலை பேசப்பட்ட பொருள். 1886-இல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் எரூவும் ஒருவரை ஒருவர் அறியாமல், மின்சாரத்தால் அதைப் பிரித்தெடுக்கும் ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள். விலை சரிந்தது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1898-இல், சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனையைத் தொடங்கினார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்று அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறதே, அதுதான் அந்தப் பள்ளி. சோதனை பலித்தது. 1903-இல் அந்தத் தொழிலை இந்தியன் அலுமினியம் கம்பெனியிடம் விற்றுவிட்டு, சாட்டர்டன் குரோம் தோல் பதனிடும் வேலையில் இறங்கினார். அந்தத் தொழில் பிறகு நம் தாம்பரத்துப் பக்கம் ஓர் ஊருக்கே பெயர் கொடுத்துவிட்டது. அரசாங்கம் இப்படித் தொழில் நடத்திக் காட்டுவது லண்டனில் இருந்த இந்திய மந்திரி மார்லி பிரபுவுக்குப் பிடிக்கவில்லை, 1910-இல் தடை போட்டார். அது வேறு கதை, ஆனால் சுவாரசியமான கதை. தேடிப் படியுங்கள்.

எனக்கு இதில் பிடித்தது அந்தக் கலைப் பள்ளிப் பட்டறையின் நிலைமை. பித்தளையும் செம்பும் அடித்துப் பழகிய கைகளுக்கு இந்த வெள்ளை உலோகம் புதிது. செம்பை அடிக்க அடிக்க அது இறுகும். உடனே நெருப்பில் காட்டி மங்கலான சிவப்பு வந்ததும் எடுத்தால் மறுபடி இளகிவிடும். நிறம்தான் அங்கே குரு. அலுமினியம் அந்தக் குருவைப் பறித்துவிடுகிறது. அதுவும் அடித்தால் இறுகும், சூடு காட்டினால் இளகும். ஆனால் பகல் வெளிச்சத்தில் அது சிவக்கவே சிவக்காது. 660 டிகிரியில், சொல்லாமல் கொள்ளாமல், உருகிக் கீழே விழுந்துவிடும். இன்று வீட்டில் கேஸ் டார்ச்சை வைத்துக்கொண்டு தகட்டை இளக்கப் பார்க்கிறவருக்கும் அதே சிக்கல்தான். அதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு, மடிப்புக்கு வரும்போது சொல்கிறேன்.

நம் மாநிலத்திலேயே இந்த உலோகத்தை உருக்கியும் இருக்கிறோம். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் தோண்டி, மேட்டூரில் மால்கோ ஆலை 1965 முதல் அலுமினியம் எடுத்தது. ஒரு கிலோவுக்குச் சுமார் 14 யூனிட் மின்சாரம் தின்னும் தொழில் அது. 2008-இல் அந்த உருக்காலை நின்றுபோனது. வெட்டி மிஞ்சும் துண்டைக் குப்பையில் போடாமல் பழைய இரும்புக் கடைக்குக் கொடுங்கள் என்று சொல்வதற்கு இந்த மின்செலவுதான் காரணம். பழையதை உருக்கப் புதிதில் இருபதில் ஒரு பங்கு மின்சாரம் போதும்.

இப்போது கடைக்குப் போவோம். பாரிமுனையில் செம்புதாஸ் தெருவுக்குப் போனாலும் சரி, தாம்பரத்தில் கதவு ஜன்னல் செய்யும் கடையில் கேட்டாலும் சரி, "எத்தனை கேஜ்?" என்றுதான் முதல் கேள்வி வரும். 18 கேஜ் என்றால் 1.2 மி.மீ., 20 கேஜ் என்றால் 0.9, 22 கேஜ் என்றால் 0.7. நீங்களும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "எந்த கிரேடு?" பல கடைகளில் இதற்கு "நல்ல சரக்கு சார்" என்று பதில் வரும். அது பதில் இல்லை. ஷீட்டின் மேலோ, ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளின் மேலோ எண் அச்சடித்திருக்கும், அதைப் பாருங்கள்.

1-இல் தொடங்கும் நான்கு இலக்க எண், அதாவது 1050, 1100, 1200, ஏறக்குறையத் தூய அலுமினியம். எப்படி மடக்கினாலும் மடியும், ஆனால் பலம் குறைவு. 3003-இல் கொஞ்சம் மாங்கனீஸ். 5052-இல் இரண்டரை சதவீத அளவுக்கு மெக்னீசியம். கடல் காற்றைத் தாங்கும் குணம் இதற்குத்தான் அதிகம், பலமும் உண்டு, மடியவும் மடியும். கோவளத்தில் வெளியே நிற்கப்போகும் எந்தச் சாமானுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். 6061 பெயர் கேட்டவர்கள் பலர் இருப்பீர்கள். சைக்கிள் சட்டம், இயந்திர பாகம் எல்லாம் அதில் வரும். "பலமானது" என்று சொல்லி அதை விற்பார்கள். பலமானதுதான். அதனால்தான் அதைக் கூர்மையாக மடிக்கக் கூடாது.

எண்ணுக்குப் பின்னால் ஒரு எழுத்து வரும். அதை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் மடிப்பைத் தீர்மானிப்பது அதுதான். ஓ என்றால் முழுக்க இளக்கியது. எச் 14 என்றால் உருளையில் நசுக்கிப் பாதி இறுக்கியது. எச் 32 என்றால் கால் பங்கு இறுக்கி நிலைப்படுத்தியது. டி 6 என்றால் சூட்டுப் பக்குவத்தால் கடினமாக்கியது. இளகிய தூய தகட்டைக் கூர்மையாகவே மடிக்கலாம். 5052 எச் 32-ஐ மடிக்கும்போது மடிப்பின் உள் வளைவு ஆரம் தகட்டின் கனத்துக்குச் சமமாகவாவது இருக்கட்டும், ஒன்றரை மடங்கு இருந்தால் நிம்மதி. 6061 டி 6-க்குக் கனத்தைப் போல மூன்று மடங்காவது வேண்டும். இல்லையென்றால் வெளிப்பக்கம் வெடித்துவிடும். அங்கே கையில் குறை இல்லை.

எண்ணே இல்லாத துண்டு கிடைத்தால்? ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கீற்று வெட்டி, கையால் மடக்கி, நீவி, மறுபடி மடக்கிப் பாருங்கள். நான்கைந்து முறை தாங்கினால் நல்ல மடிப்புத் தகடு. முதல் மடிப்பிலேயே வெளிப்புறம் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரவென்று ஆகிக் கீறல் விட்டால் அதைத் தட்டையான மூடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கீற்றை நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று என்று இரண்டு வெட்ட வேண்டும். தகட்டை உருளையில் ஓட்டிய திசை என்று ஒன்று இருக்கிறது, சாய்த்துப் பார்த்தால் மெல்லிய கோடுகளாகத் தெரியும். மடிப்பு அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே போனால் தாங்கும், கோட்டோடு போனால் வெடிக்கப் பார்க்கும். பெட்டி என்றால் இரண்டு திசையிலும் மடித்துத்தான் ஆக வேண்டும். அப்போது நீள மடிப்பு எந்தத் திசையில் போகட்டும் என்பதை வெட்டுவதற்கு முன்பே யோசிக்க வேண்டும். வெட்டிய பிறகு யோசிக்க ஒன்றும் இல்லை.

பழகுவதற்குப் பணம் கொடுத்துத் தகடு வாங்காதீர்கள். அச்சகங்களில் ஆஃப்செட் பிளேட்டுகள் ஒரு வேலை முடிந்ததும் எடைக்குப் போகின்றன. ஏறக்குறையத் தூய அலுமினியம், கால் மி.மீ. சொச்சம் கனம். அதிலுள்ள எழுத்து கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி இல்லாமல் படிக்கும்படி நேராகவே இருக்கும். ஆஃப்செட் முறையில் எழுத்து முதலில் ரப்பர் விரிப்பில் பதிந்து, பிறகுதான் தாளுக்குப் போகிறது. பழைய கல்யாணப் பத்திரிகையைப் படித்துக்கொண்டே மடிப்பு பழகலாம். நம் கடற்கரையில் கிடக்கும் குளிர்பான டப்பாவும் ஒரு பாடம்தான். அது மிகக் கடினமாக இறுக்கிய தகடு. கூர்மையாக மடித்து நீவினால் இரண்டாவது, மூன்றாவது முறை கையோடு வந்துவிடும். இறுகுதல் என்றால் என்ன என்று விரலுக்குப் புரியும். சுத்தத்துக்கான நீலக்கொடிச் சான்று வாங்கிய கடற்கரையில் டப்பா பொறுக்கச் சொல்கிறேனே என்று யாரும் கோபிக்க வேண்டாம்.

சரி, தகட்டை எதற்கு மடிக்கிறோம்? இதை ஒரு நிமிஷம் சொல்லிவிடுகிறேன். அலுமினியம் எஃகின் மூன்றில் ஒரு பங்குதான் விறைப்பு. ஒரு சதுர மீட்டர், ஒரு மி.மீ. கனம் என்றால் 2.7 கிலோதான் எடை, எஃகென்றால் எட்டுக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கனத்தைக் கொஞ்சம் கூட்டினால், 1.4 மடங்கு ஆக்கினால், எஃகுத் தகட்டின் விறைப்பு வந்துவிடும், எடை அப்போதும் பாதிதான். அதைவிட மலிவான வழி ஓரத்தை மடிப்பது. அரை அங்குலம் ஓரம் மடித்த 20 கேஜ் தகடு, மடிக்காத 16 கேஜ் தகட்டை விட எவ்வளவோ நிமிர்ந்து நிற்கும். ஆகவே மடிப்பு வெறும் அலங்காரம் இல்லை, எலும்பு அதுதான். ஓரத்தை முழுக்க உள்ளே திருப்பி நசுக்கிவிட்டால் குழந்தைகள் கையைக் கிழிக்காது, பலமும் கூடும்.

இப்போது கணக்கு. தூண்டில் சாமான்கள் போட்டு வைக்க ஒரு தட்டுப் பெட்டி செய்வோம். வெளி அளவு 300-க்கு 200, உயரம் 40 மி.மீ. 18 கேஜ் 5052 தகடு. புதிதாகச் செய்பவர் என்ன செய்வார்? 300-உடன் இரண்டு 40-ஐக் கூட்டி 380 என்று வெட்டுவார். பெட்டி முடிந்ததும் அளந்தால் 304-க்கு மேல் வரும். மூடி சேராது.

காரணம் இது. மடியும்போது வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது. நடுவில் ஓரிடத்தில் நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. அந்த இடம் சரிபாதியில் இல்லாமல் உட்பக்கத்திலிருந்து ஏறக்குறைய 0.4 பங்கு கனத்தில் இருக்கிறது. பட்டறைக்காரர்கள் இதைக் கே மதிப்பு என்பார்கள். உள் ஆரம் 1.2, கனம் 1.2 என்றால், செங்கோண மடிப்பில் செலவாகும் தகடு 1.57-ஐ 1.68-ஆல் பெருக்கினால் வரும் 2.64 மி.மீ. வெளி அளவுகளைக் கூட்டும்போது அதே மூலைக்கு நீங்கள் 4.8 மி.மீ. எண்ணியிருப்பீர்கள். வித்தியாசம் 2.2 மி.மீ. அளவு. ஒவ்வொரு மடிப்புக்கும் அதைக் கழிக்க வேண்டும். எனவே நீளம் 380 அல்ல, 375.6. அகலம் 280 அல்ல, 275.6.

சூத்திரம் பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி உண்டு, உண்மையில் அதுதான் நம்பகமானது. அதே ஷீட்டிலிருந்து சரியாக 100 மி.மீ. நீளத்தில் ஒரு கீற்று வெட்டி, அதே கருவியில் செங்கோணமாக மடித்து, இரண்டு கையின் வெளி அளவையும் அளந்து கூட்டுங்கள். 102.2 வந்தால் உங்கள் கழிவு 2.2. உங்கள் வைஸுக்கும் உங்கள் சுத்தியலுக்கும் அதுதான் கணக்கு. புத்தகத்தில் இருப்பது வேறு யாருடைய மெஷினுக்கோ உரியது.

கோடு போடுவதிலும் கவனம் வேண்டும். வெட்டும் கோட்டை ஊசியால் கீறலாம். மடிக்கும் கோட்டைக் கீறவே கூடாது, கீறினால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். பென்சிலும் வேண்டாம். பென்சில் கரியும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்து தகட்டை அரிக்கும். விமானப் பட்டறைகளில் அலுமினியத்தின் மேல் பென்சில் வைக்க விடமாட்டார்கள். மார்க்கர் பேனா போதும், வேலை முடிந்ததும் ஸ்பிரிட்டால் துடைத்துவிடலாம். பெட்டியின் நான்கு மூலைகளிலும், இரண்டு மடிப்புக் கோடுகள் சந்திக்கும் புள்ளியில், சென்டர் பஞ்ச் அடித்து மூன்று, நான்கு மி.மீ. துளை போடுங்கள். அதன் பிறகுதான் மூலைச் சதுரத்தை வெட்டி எடுக்க வேண்டும். அந்த வட்டத் துளை இருந்தால் மூலையில் விரிசல் ஓடாது. கூர்மையான உள்மூலைதான் கிழிசலின் பிறப்பிடம். தையல் தெரிந்த பெண்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள், உங்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை.

வெட்டுவதற்கு வருவோம். 20 கேஜ் வரை தகடு கத்தரி போதும். கத்தரியை முழுக்க மூடாதீர்கள், நுனி சேர்ந்த இடத்தில் ஒரு பல் விழும். நீளமான நேர்க்கோட்டுக்கு எனக்குப் பிடித்தது கீறி ஒடிக்கும் முறை. கனமான இரும்பு ஸ்கேலை கிளாம்ப் போட்டு இறுக்கி, சன்மைக்கா வெட்டும் கொக்கிக் கத்தியால் ஏழெட்டு முறை இழுத்துக் கீறி, கோட்டை மேசை விளிம்பில் வைத்து மேலும் கீழும் ஆட்டினால் சுத்தமாக ஒடியும். ஓரம் வளையாது, சத்தம் இல்லை, தூள் பறக்காது. இளகிய தகட்டுக்கு இது ஒத்துவராது, அது ஒடியாமல் ஆடிக்கொண்டே இருக்கும். கனம் கூடினால் ஹேக்சா. அங்குலத்துக்கு 24 பல், மெல்லிய தகட்டுக்கு 32 பல். குறைந்தது இரண்டு பல்லாவது எப்போதும் உலோகத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிளேடு தகட்டைக் கடித்துப் பிடுங்கும். தகட்டை இரண்டு பழைய பிளைவுட் துண்டுகளுக்கு நடுவில் வைத்து மூன்றையும் சேர்த்து அறுத்தால் ஆடாது. ஜிக்சா இருந்தாலும் இதே கதைதான். அலுமினியம் சூடேறினால் பிசினாகிப் பல்லில் ஒட்டிக்கொள்ளும். அவ்வப்போது மெழுகுவத்தியைப் பிளேடில் தேய்த்துக்கொள்ளுங்கள், தேங்காயெண்ணெயும் உதவும். அரத்துக்குச் சாக்பீஸ் பூசிக்கொண்டால் தூள் அடைக்காது.

ஆங்கிள் கிரைண்டரில் இரும்பு வெட்டும் வட்டத்தைப் போட்டு அலுமினியத்தை வெட்டுவதை நம் ஊரில் எங்கும் பார்க்கலாம். தயவு செய்து வேண்டாம். உலோகம் வட்டத்தின் கண்களில் அப்பிக்கொள்கிறது, வட்டம் சூடாகி வெடிக்கலாம். அதைவிட, இரும்புத் துருத்தூளும் அலுமினியத் தூளும் கலந்து கிடக்கும் இடத்தில் பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரயில் தண்டவாளத்தைப் பற்றவைப்பவர்களைக் கேளுங்கள். அவர்கள் அதே கலவையைக் கொளுத்தித்தான் இரும்பை உருக்கி ஊற்றுகிறார்கள். இரும்பு வேலைக்கும் அலுமினிய வேலைக்கும் ஒரே மூலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

துளை போடும்போது தகட்டை ஒருபோதும் கையில் பிடிக்காதீர்கள். டிரில் மறுபக்கம் வெளியேறும் கணத்தில் தகட்டைச் சுழற்றிவிடும், சுழலும் தகடு கத்திதான். கத்தரி பிடிக்கும்போது கையுறை வேண்டும், டிரில் பிடிக்கும்போது கையுறை கூடாது. பிசிறுகளை அரத்தால் நீக்கிய பிறகுதான் மடிக்கப் போக வேண்டும். மடியும் கோட்டின் இரு முனையிலும் பிசிறு இருந்தால் விரிசலுக்கு அதுவே வாசல்.

மடிப்பு. வைஸின் சொரசொரப்பான தாடையில் நேராகக் கடிக்க வைக்காதீர்கள். இரண்டு ஆங்கிள் இரும்புத் துண்டுகளை, மடிப்பை விட நீளமாக, தாடைகளின் மேல் வையுங்கள். எந்த விளிம்பின் மேல் தகடு மடியப்போகிறதோ, அந்த விளிம்பை அரத்தால் உருட்டிவிடுங்கள். நமக்கு வேண்டிய உள் ஆரம் அதுதான். கூர் விளிம்பில் மடித்துவிட்டுத் தகட்டைத் திட்டுவதில் பயனில்லை. வைஸை விட நீண்ட மடிப்புக்கு மேசை ஓரத்தில் சி கிளாம்புகள். பிறகு ஒரு நீளமான மரச்சட்டத்தைத் தகட்டின் மேல் முழு நீளத்துக்கும் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தி, முடிந்த வரை ஒரே சீராகத் தள்ளுங்கள். மிச்சத்தை மட்டும் மரச்சட்டத்தின் மேல் கொட்டாப்புளியால் தட்டி முடியுங்கள். ஒரு முனையில் முழுக்க மடித்துவிட்டு அடுத்த முனைக்குப் போவதுதான் வழக்கமாகச் செய்யும் தப்பு. நடுவில் தகடு நீண்டு அலை அலையாகிவிடும், அதை நேராக்க முடியாது. இரும்புச் சுத்தியல் தகட்டைத் தொடவே கூடாது. ஒவ்வொரு அடியும் ஒரு பள்ளம், ஒவ்வொரு பள்ளமும் கொஞ்சம் நீட்சி.

விட்டதும் தகடு கொஞ்சம் திரும்பி எழும். இளகியதில் ஒன்றிரண்டு டிகிரி, இறுகியதில் நான்கைந்து. அதனால் 90-ஐத் தாண்டி மடிக்க வேண்டும். ஆங்கிள் இரும்பின் மடிப்பு முகத்தை உள்பக்கமாகச் சற்றே சாய்த்து அரம் போட்டு வைத்தால் இது தானாக நடக்கும். ஒரு முறை மடித்ததை நிமிர்த்தி, கோட்டை மாற்றி மறுபடி மடிக்க நினைக்காதீர்கள். மடிந்த இடம் இறுகிவிட்டது, இரண்டாம் முறை அங்கேதான் ஒடியும்.

இறுகிய 5052 தகட்டைக் கூர்மையாகவே மடிக்க வேண்டிய கட்டாயம் வந்தால், இங்கேதான் முன்பு சொன்ன அந்த உபாயம். மடியப்போகும் கோட்டின் மேல் துணி சோப்பைத் தேய்த்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து டார்ச்சை ஓட்டிக்கொண்டே இருங்கள். சோப்பு பழுப்பாகி, கருத்ததும் நெருப்பை எடுத்துவிடுங்கள். சோப்பு கருகும் சூடும் தகடு இளகும் சூடும் கிட்டத்தட்ட ஒன்று. நிறம் காட்டாத உலோகத்துக்கு சோப்பு நிறம் காட்டிக் கொடுக்கிறது. ஆறவிட்டு மடியுங்கள். 6061 டி 6-க்கு இதைச் செய்தால் மடியும், ஆனால் எந்தப் பலத்துக்காகக் கூடுதல் காசு கொடுத்தீர்களோ அது அந்தக் கோட்டில் போய்விடும்.

தொடர்ந்து வேலை செய்கிறவர்கள் கதவுக் கீலில் ஒரு மடிப்புப் பலகை செய்துகொள்ளலாம். 50 மி.மீ. ஆங்கிள் ஒன்று மேசையோடு போல்ட் போட்டு, இன்னொன்று கீலில் தொங்க, மேலே ஒரு அழுத்துச் சட்டம். அதில் ஒரே ஒரு நுணுக்கம்: கீலின் ஆணி அச்சு, மடியும் விளிம்புக்கு நேர்கோட்டில் இருக்க வேண்டும். அது இரண்டு மி.மீ. விலகினாலும் தகட்டை இழுத்துச் சுரண்டும். ஒரு மி.மீ. தகட்டை மடிக்கும் பலகை இரண்டு மி.மீ.யையும் மடிக்கும் என்று நினைக்காதீர்கள். கனம் இரட்டித்தால் தேவைப்படும் விசை நான்கு மடங்கு. பெட்டியின் கடைசி இரண்டு பக்கங்களை நீளப் பலகையில் மடிக்க முடியாது, ஏற்கெனவே மடித்த பக்கங்கள் இடிக்கும். அதற்குப் பெட்டியின் உள் அளவுக்கு ஒரு மரக்கட்டை செதுக்கி, அதை உள்ளே வைத்து வைஸில் கடித்து மடிக்க வேண்டும். அந்தக் கட்டையையும் வெட்டுவதற்கு முன்பே செய்து வைத்துவிட்டால், அளவு தப்பா சரியா என்று காகிதத்தில் மடித்துப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

மூலைகளைச் சேர்க்க ரிவெட். வெல்டிங் வீட்டு வேலை இல்லை. 3.2 மி.மீ. பாப் ரிவெட்டுக்கு 3.3 துளை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ரிவெட்டின் உடல் அலுமினியம், நடுக்கம்பி இரும்பு. இழுத்து ஒடித்த பிறகும் அந்தக் கம்பியின் தலை உள்ளே தங்கிவிடும். இந்த ஊரில் சில மாதத்தில் ஒவ்வொரு ரிவெட்டிலிருந்தும் பழுப்புக் கண்ணீர் வடியும். கம்பியும் அலுமினியமாக இருக்கும் ரிவெட்டைக் கேட்டு வாங்குங்கள், அல்லது வாய் மூடிய வகை. பித்தளை ஸ்குரூ கூடவே கூடாது. செம்போ பித்தளையோ அலுமினியத்தோடு உப்பு ஈரத்தில் சேர்ந்தால் தின்னப்படுவது எப்போதும் அலுமினியம்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ பரவாயில்லை, நடுவில் ஒரு நைலான் வாஷர் போட்டால். ஈரச் சிமெண்டும் அலுமினியத்துக்குப் பகை. ஜன்னல் சட்டத்தைப் பூசுவதற்கு முன் டேப் ஒட்டுகிறார்களே, அழகுக்காக இல்லை.

அலுமினியம் துருப்பிடிக்காது என்கிறார்கள். அதன் மேல் காற்றுப் பட்டவுடன் உருவாகும் ஆக்சைடு தோல் சில நானோமீட்டர்தான். கீறினால் அந்தக் கணமே மறுபடி மூடிக்கொள்ளும். ஆனால் உப்பின் குளோரைடு அந்தத் தோலில் ஊசிக்குத்துப் போல் துளை போடும். மழை படும் இடத்தில் இருக்கும் தகட்டை விட, மழை படாமல் உப்புக்காற்று மட்டும் படும் இடத்தில் இருக்கும் தகடு சீக்கிரம் கெடும், ஏனென்றால் அங்கே உப்பைக் கழுவ ஆளில்லை. ஆகவே சன்ஷேடுக்குக் கீழே இருப்பதை மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மடித்த ஓரத்தின் உள்ளே தண்ணீர் தேங்காதபடி, மடிப்பின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். இதுவும் வெட்டுவதற்கு முன் தீர்மானிக்க வேண்டிய விஷயம்தான்.

இரண்டு மி.மீ.க்கு மேல், அல்லது மூன்று அடி நீளத்துக்கு மேல் மடிப்பு என்றால் கிண்டிக்கோ திருமுடிவாக்கத்துக்கோ எடுத்துப் போங்கள். பிரஸ் பிரேக் என்ற மடிப்பு மெஷின் வைத்திருக்கும் பட்டறைகள் சில்லறை வேலையும் செய்து தரும். போகும்போது வாயால் சொல்லாமல் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்த கிரேடு, எழுத்து என்ன, என்ன கனம், அளவெல்லாம் வெளி அளவா உள் அளவா, உள் ஆரம் எவ்வளவு, உருளைக் கோடு எந்தப் பக்கம், பளபளப்பான முகம் உள்ளேயா வெளியேயா. இந்த ஏழும் எழுதியிருந்தால் பட்டறைக்காரர் உங்களை மறுகேள்வி கேட்கமாட்டார். பிளாஸ்டிக் தாளை மட்டும் அவர் உரிக்கச் சொன்னாலும் மடித்து முடியும் வரை உரிக்காதீர்கள்.